அம்மைக்காரி

ஏழு என்றேன். ஒச்சம்மா அக்கா எழுதிக்கொண்டார். அடுத்த வரிசை ஐந்து. அதற்கடுத்தது ஏழு. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் இலை சுருண்டுகொள்ளும், புள்ளி எது நிழல் எது என்று தெரியாது, இந்த நாற்றம் வேறு இரண்டு மடங்காகும். ராத்திரி பூரா பாலித்தீன் தாள் போட்டு மூடி வைத்த நாற்றங்காலைக் காலையில் திறந்தால் ஒரு புழுக்கம் கிளம்பும், ஈரச் சாக்கு, ஊறிப்போன வைக்கோல், துவைக்காத காலுறை எல்லாம் சேர்ந்து. பதினாறு வருஷமாக முகர்கிறேன், பழகவில்லை. ஊரெல்லாம் நெல்லை நோயில்லாமல் வளர்க்கப் பாடுபடுகிறது, எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த ஒரு துண்டு நிலத்தில் மட்டும் நோயைச் சோறூட்டி வளர்க்கிறோம். குலை நோய். காற்றில் வருகிற பூஞ்சை. இலையில் கண் வடிவத்தில் புள்ளி வைக்கும், நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. கதிர் வந்த பிறகு பிடித்தால் கதிரின் கழுத்தை ஒடித்து மொத்தத்தையும் பதராக்கிவிட்டுப் போகும். கம்பம் பள்ளத்தாக்கின் மார்கழிப் பனியும் மலைக்காற்றும் அதற்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் இந்த நாற்றங்காலை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நோய் பிடித்த இலையை அரிவாளால் பொடியாக நறுக்கி வரிசைக்கு நடுவே தூவி, தண்ணீர் தெளித்து, யூரியாவை அள்ளிக் கொட்டி, மூடி வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து வந்து பார்ப்போம், எது செத்தது எது பிழைத்தது என்று. நறுக்கும்போது இலைச் சாறு விரலில் கொழகொழவென்று ஒட்டும். எத்தனை சோப்புப் போட்டாலும் சாப்பிடும்போது நகக்கண்ணிலிருந்து அந்த வாடை வரும். சாம்பாரோடு சேர்த்து அதையும்தான் பதினாறு வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

பூஜ்யம் என்றால் இலை சுத்தம். ஒன்பது என்றால் கதை முடிந்தது. நான் பார்த்துச் சொல்வேன், அக்கா அட்டையில் எழுதுவார். எந்த வரிசையில் எந்த ரகம் என்று எனக்குத் தெரியக் கூடாது, எண் போட்ட குச்சி அக்கா பக்கம் திரும்பியிருக்கும். வாயில் முதலில் வந்த எண்தான் எண். நின்று யோசிக்கக் கூடாது, திரும்பிப் போய் இன்னொரு தரம் பார்க்கக் கூடாது, மாற்றக் கூடாது. இந்தச் சட்டம் நான் போட்டது. இன்னொரு தரம் பார்க்கவிட்டால் அவனவன் தன் பிள்ளைக்கு இரண்டு மார்க் கூடப் போட்டுக்கொள்வான், விஞ்ஞானிகளைப் பற்றி எனக்குத் தெரியாதா. ஒன்பது வாங்கிய வரிசைக்கு அக்கா சிவப்பு நாடா கட்டுவார், மத்தியானத்துக்குள் அதைப் பிடுங்கி எரித்துவிடுவோம், இல்லாவிட்டால் சுற்றியிருக்கிற தோட்டங்களுக்குக் காற்றில் போய்விடும். ஐந்து. ஏழு. மோட்டார் அறை ஆணியில் என் பை தொங்குகிறது, பைக்குள் ஃபோன் இருக்கிறது, இன்னும் அடிக்கவில்லை. அடிக்கும். குணாளன், என் வீட்டுக்காரர், அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார், இந்நேரம் தேனியில் இடமாறுதல் கலந்தாய்வில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பேர் கூப்பிடுவதற்கு முன்னால் எனக்கு ஃபோன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார். “நீ போகச் சொன்னா விருதுநகர் பக்கம் எடுத்துக்கறேன், எங்க அக்கா வீட்டுல இருந்துக்கலாம். வேண்டாம்னா விருப்பம் இல்லன்னு சொல்லிட்டு வந்துடறேன். நீயே சொல்லு தாமரை.” செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல. நானே சொல்ல வேண்டுமாம். காலையிலிருந்து வாய்க்குள் இரண்டு பதிலும் கிடக்கின்றன, இரண்டும் கசக்கின்றன.

ஏழு. அடுத்தது மூன்று. அவருக்கு முதலில் முழங்கையில்தான் வந்தது. கொசுக்கடி மாதிரி ஒரு சிவப்பு, அதன்மேல் வெள்ளையாகச் செதில். தலையில் வந்தபோது பொடுகு என்று நினைத்து எலுமிச்சம்பழம் தேய்த்துவிட்டேன், அப்போதெல்லாம் தொடுவேன். போன புரட்டாசியில் முதுகுக்கு இறங்கியது. சொரியாசிஸ் என்றார் தோல் டாக்டர், தொற்றாது என்று என்னைப் பார்த்து இரண்டு தரம் சொன்னார். எனக்கே சொல்கிறார். செடிகளின் நோயைப் படித்துப் பட்டம் வாங்கியவள், எது தொற்றும் எது தொற்றாது என்று வகுப்பெடுக்கிறவள். உடம்பைக் காக்கிற படை ஆளில்லாத இடத்தில் சண்டை போடுகிறது, தோல் அவசர அவசரமாக வளர்ந்து உதிர்கிறது, அவ்வளவுதான், தெரியும். மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியவில்லை. கருநீலப் போர்வை வாங்கிய என் புத்தியைச் சொல்ல வேண்டும், கருநீலத்தில் எல்லாம் தெரிகிறது. காலையில் பார்த்தால் அவர் படுத்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். தலையணை உறையில், சோஃபா மடிப்பில், சட்டைக் காலருக்குள், அவருடைய செல்ஃபோன் உறைக்குள்கூட. ஒரு நாள் தயிர்க் கிண்ணத்தின் ஓரத்தில் ஒன்று இருந்தது. அது செதில்தானா, தயிர் ஆடை காய்ந்ததா என்று இன்றுவரை தெரியாது, முழுத் தயிரையும் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு ஓங்கரித்தேன். அவர் கூடத்தில் டிவி சத்தத்தைக் கூட்டினார். எதற்குக் கூட்டினார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இப்போதெல்லாம் விடிவதற்கு முன்னால் அவரே போர்வையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் உதறிவிட்டு வருகிறார், நான் பார்ப்பதற்குள். படார் படாரென்று அந்தச் சத்தம் கேட்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன். உதறிய காற்று எந்தப் பக்கம் போகும், சன்னல் திறந்திருக்கிறதா என்றுதான் என் புத்தி போகும், தூ.

“மேடம்?” என்றார் ஒச்சம்மா அக்கா. நின்றுவிட்டேன் போலிருக்கிறது. ஐந்து என்றேன். ஐந்தேதான். டாக்டர் கொடுத்த களிம்பை வெறும் வயிற்றில் முகர்ந்தால் குமட்டும், தார் வாசனை. முதுகு நடுவில் அவருக்குக் கை எட்டாது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் சட்டையைக் கழற்றிவிட்டு, திரும்பி உட்கார்ந்து, தோளுக்கு மேலாகக் களிம்புக் குழாயை நீட்டினார். எனக்கு அந்த முதுகு முழுசாக முதல் தடவையாக விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. “என் கையில பூஞ்சை இருக்கும், உங்களுக்கு ஆகாது” என்றேன். நெல்லுக்கு வருகிற பூஞ்சை மனுஷ முதுகில் என்ன பண்ணும்? ஒன்றும் பண்ணாது. கணக்கு வாத்தியாருக்குக்கூடத் தெரிந்திருக்கும். குழாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாளிலிருந்து கரும்பலகையில் கோடு போடுகிற மரஸ்கேலின் நுனியில் பஞ்சு சுற்றி ரப்பர் பாண்ட் போட்டு அதனால் தடவிக்கொள்கிறார், கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருகிப் பார்த்துக்கொண்டு, பாதி களிம்பு பனியனில். இந்த முதுகைத்தான் கல்யாணமான புதிதில் சுருளியாற்றில் குளிக்கும்போது நான் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துவிட்டேன், மழமழவென்று இருந்தது, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கன்னத்தை வைத்துக்கொண்டேன். அதே ஆள். அதே மச்சம் இடது தோளில், இப்போது செதிலுக்கு நடுவே முங்கிக் கிடக்கிறது. அதை நினைத்தால் அழுகை வர வேண்டும், எனக்கு உமட்டல் வருகிறது. என்ன ஜென்மம் நான். ஏழு. அடுத்ததும் ஏழு.

இந்தப் பாத்தியில்தான் எங்கேயோ அவள் நிற்கிறாள். அம்மைக்காரி. ஒச்சம்மா அக்கா வைத்த பேர். நல்ல ரகம் ஒன்றின் விதையைக் காமா கதிர்வீச்சில் காட்டி, முளைக்க வைத்து, அடுத்த தலைமுறையில் ஆயிரக்கணக்கான நாற்றுகளுக்கு நடுவே குனிந்து குனிந்து தேடியபோது ஒன்றே ஒன்று உடம்பெல்லாம் புள்ளியாக நின்றது. “இது என்னங்க மேடம், அம்மை போட்ட பிள்ள மாதிரி நிக்குது?” என்றார் அக்கா. நோய் என்றுதான் நானும் நினைத்தேன், பிடுங்க வேண்டும் என்று கை வரைக்கும் போய்விட்டது. பக்கத்துச் செடி எதிலும் ஒரு புள்ளி இல்லாததால் விட்டேன். இலையை வெட்டி ஆய்வகத் தட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு பூஞ்சை வளரவில்லை, ஒரு பாக்டீரியா வளரவில்லை. நோயே இல்லாமல் நோயின் கோலம். ஒரே ஒரு ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அதனால் இலையின் செல்கள் எதிரி வந்துவிட்டான் என்று தாமாகவே நினைத்துக்கொண்டு அங்கங்கே செத்துப்போகின்றன. தெருவில் நாய் குரைத்ததற்குத் திருடன் வந்துவிட்டான் என்று வீட்டுக்குத் தீ வைத்துக்கொள்கிற பைத்தியம் மாதிரி. ஆனால் நிஜமாகவே குலை நோய்ப் பூஞ்சை வந்து இறங்கினால் இந்தப் பைத்தியத்திடம் அது தோற்றுப்போகிறது. அது கால் ஊன்றுவதற்குள் சுற்றியிருக்கிற செல்கள் சாகின்றன, பட்டினி போடுகின்றன. பாக்டீரியாவால் வருகிற இலைக் கருகலும் அவ்வளவாக ஏறுவதில்லை. ஆறு வருஷமாக இவளை வைத்துக்கொண்டு போராடுகிறேன். குட்டையாக வளர்வாள், மணி கொஞ்சம் குறையும், அதையெல்லாம் நல்ல ரகத்தோடு சேர்த்துச் சரிபண்ணிவிடலாம். புள்ளியைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. “விவசாயி இதப் பாத்தான்னா வித வித்தவன் சட்டையப் பிடிப்பாம்மா” என்று சொல்லிவிட்டு எங்கள் தலைவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார், புள்ளிக்கு வாசனை இருக்கிற மாதிரி. போன கருத்தரங்கில் இவள் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டேன். முன்வரிசை அம்மாள் ஒருத்தி பிஸ்கட்டைத் தட்டில் திருப்பி வைத்தாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தோற்றத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள் என்று முழங்கினேன், கை தட்டினார்கள். கை தட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவர் உட்கார்ந்த நாற்காலியில் துண்டை விரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

மூன்று. ஏழு. அந்தக் கருத்தரங்குக் கதையை அன்று ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் சொன்னதுதான் தப்பு. “அப்ப நானும் ஒன் நெல்லும் ஒரே சாதி” என்று சிரித்தார். சிரிப்பு வந்ததா அவருக்கு, எனக்காக வரவழைத்தாரா, தெரியாது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரே சாதியாவது! அவளுக்குப் புள்ளி இருப்பதால் குலை நோய் வருவதில்லை. இவருக்கு இதனால் எதிலிருந்து தப்பிப்பு? ஒன்றுமில்லை. ராத்திரியெல்லாம் சொறிவது, ரத்தம் கசிவது, பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாத்தியார் டீ டம்ளரைத் தள்ளி வைப்பது, இதுதான் மிச்சம். செடியோடு மனுஷனை ஒப்பிட்டுப் பரிதாபம் தேடுகிற பேச்சே எனக்கு ஆகாது. “அது வேற, இது வேற” என்றேன். “சரி” என்றார், தட்டைத் தானே கழுவி வைத்தார், அதற்குப் பிறகு அப்படிப் பேசுவதில்லை. எதைப் பற்றியும் பேசுவதில்லை. அவருடைய அக்காதான் பேசுகிறார், விருதுநகரிலிருந்து, ஞாயிற்றுக்கிழமையானால். “ஒனக்கு வேலையே சரியா இருக்கும்மா, நாங்க பாத்துக்கறோம், எண்ணெ தேச்சு வெயில்ல ஒக்காத்தி வச்சா எல்லாம் சரியாப்போயிரும்.” அந்தக் குரலில் ஒரு பதவிசு, ஒரு வெல்லப்பாகு. என்னால் முடியவில்லை என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, சொல்லாமல் சொல்லிக் காட்டுகிறார். இவர் அங்கே போய்விட்டால் என்ன? நான் வெள்ளைப் போர்வை வாங்குவேன். சோஃபாவை வெயிலில் போட்டு அடிப்பேன். குளியலறையில் தார் வாசனை போகும். வெள்ளைப் போர்வை, கஞ்சி போட்டு, மொடமொடவென்று, அதில் நான் மட்டும் கை காலை நீட்டி... அப்படியே குளுகுளுவென்று இருந்தது நினைக்க. அந்தக் குளுகுளுப்பின் மேல்தான் எனக்கு இன்னும் பெரிய அருவருப்பு. அவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகூட இருக்க மாட்டார், நான் போர்வைக் கடையில் நிற்பேன், அப்பேர்ப்பட்டவள். போங்க என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. உங்க அக்கா நல்லாப் பாத்துக்குவாங்க, லீவுக்கு நான் வர்றேன். நாகரிகமாகத்தான் இருக்கும். ஊரில் எத்தனை பேர் ஆளுக்கொரு ஊரில் வேலை பார்க்கவில்லை? யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவரும் கேட்க மாட்டார், அந்தச் ‘சரி’யைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அந்தச் ‘சரி’ இப்போதே காதில் விழுகிறது, அதற்குப் பின்னால் அந்த முதுகு, விளக்கு வெளிச்சத்தில், சிவப்பும் வெள்ளையுமாக, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, இடம் விடாமல். ஒன்பது என்றேன்.

அக்கா எழுதினார். நாடாவைக் கிழித்துக் கட்டினார். அடுத்தது ஐந்து என்றேன், அதற்கடுத்தது ஏழு. நாலடி வைத்திருப்பேனோ என்னவோ, கால் நின்றுவிட்டது. குலை நோயில் ஒன்பது என்றால் இலை மேலிருந்து கருகி, வைக்கோலாகி, மடிந்து தொங்க வேண்டும். நான் ஒன்பது சொன்ன வரிசை நேராக நின்றது. குட்டையாக, நேராக, புள்ளியும் புள்ளியுமாக. ஆறு வருஷம் மடியில் வைத்து வளர்த்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இல்லை, அப்படிச் சொல்வது பொய். இலையைப் பார்த்தேனா என்பதே எனக்கு நிச்சயமில்லை. கண்ணுக்கு முன்னால் அவர் முதுகு இருந்தது, வாய் ஒன்பது என்றது.

“அக்கா, அது... நாடா கட்டினீங்களே, அது அம்மைக்காரியா?”

ஒச்சம்மா அக்கா குச்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “நான் சொல்லக் கூடாதுல்ல மேடம்.”

“அவதான். நான் தப்பாச் சொல்லிட்டேன். மாத்திருங்க.”

“மொத வாயில வந்ததுதான் கணக்குன்னு நீங்கதான சொன்னீங்க? போன வருசம் அந்தச் சாரு தன் ரகத்துக்கு மாத்தச் சொன்னப்ப விட்டீங்களா? என்னா சத்தம் போட்டீங்க. அவரு பாவம், தலையத் தொங்கப் போட்டுட்டுப் போனாரு.” அக்கா குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். அட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார், நான் பிடுங்கிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

திரும்பிப் போனேன், அதுவும் சட்டத்தை மீறித்தான். சேற்றில் மண்டி போட்டு ஒரு இலையைப் பிடித்துக் கை லென்ஸை வைத்தேன். கிட்டத்தில் இன்னும் அசிங்கமாக இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். துருப்பிடித்த தகரம் மாதிரி, சில இடத்தில் புள்ளிகள் கூடி ஒரே படையாக. இரண்டு பக்கமும் யூரியா தின்று கொழுத்த வரிசைகள் பாதி கருகி நின்றன, அவற்றின் இலைகளில் கண் கண்ணாக, சாம்பல் நடுவோடு, பூஞ்சை. இவள் இலையில் சாம்பல் நடு ஒன்றுகூட இல்லை. நுனியிலிருந்து அடிவரை, முன்னும் பின்னும், அடுத்த செடி, அதற்கடுத்த செடி. ஒரு பூஞ்சைப் புள்ளி கிடையாது. பூஜ்யம். என் வாழ்நாளில் இவ்வளவு நோய்க்கு நடுவே இவ்வளவு சுத்தமான பூஜ்யத்தைப் பார்த்ததில்லை, அதற்கு நான் ஒன்பது கொடுத்திருக்கிறேன். ஒன்பதோடு பட்டியல் போனால் மாநிலச் சோதனையிலிருந்து இந்த வருஷம் இவளைத் தூக்கிவிடுவார்கள். தலைவர் நிம்மதியாக மூக்கைத் துடைத்துக்கொள்வார். மாற்றினால்? யாருக்கும் தெரியாது, ஒரு அடி அடித்துப் பக்கத்தில் பூஜ்யம் எழுதினால் போதும். ஆனால் அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இந்த அட்டையில் இனி எந்த எண்ணையும் நான் நம்ப முடியாது. பார்த்த கண் என்னுடையது, அருவருப்புப்பட்டது நான், சொன்ன வாய் என்னுடையது. அதை இல்லையென்று அடித்துவிட்டால் ஆயிற்றா? விரலில் சேறும் இலைச் சாறும் ஒட்டியிருந்தன. சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

“எண்ணு அப்படியே இருக்கட்டும்க்கா. நாடாவ அவுத்துருங்க. பிடுங்க வேண்டாம்.”

“ஒம்பதப் பிடுங்காம விட்டா பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருமேங்க?”

“இதுல போறதுக்கு ஒண்ணும் இல்ல. இதுல நோயே இல்ல.”

“பெறகு எதுக்கு ஒம்பது சொன்னீங்க?”

“பாக்க எனக்கு அப்படி இருந்துச்சு.”

அக்கா செடியைக் குனிந்து பார்த்தார். “எனக்கும் இதக் கண்டா ஆகாதுதான் மேடம்” என்றார். “களை எடுக்கையில இந்த வரிசை வந்தா கண்ண மூடிக்கிட்டுத்தான் எடுப்பேன்.” சொல்லிவிட்டு முடிச்சை அவிழ்த்தார், ஈரத்தில் இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தார்.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. வரப்பில் ஓடினேன், சேற்றுக் காலோடு. பையைத் திறப்பதற்குள் நின்றுவிடுமோ என்று ஒரு பயம், நின்றுவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். எடுத்தேன். பின்னால் மைக்கில் யார் யார் பேரோ கூப்பிடுகிற சத்தம்.

“எனக்கு முன்னால ரெண்டு பேருதான் இருக்காங்க” என்றார். “சொல்லு.”

போங்க என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது, உங்க அக்கா நல்லாப் பாத்துக்குவாங்க என்பது அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது. இரண்டையும் விழுங்கினேன்.

“எனக்கு அருவருப்பா இருக்குங்க” என்றேன். “ஒங்க முதுகப் பாத்தா. கையில பூஞ்சை இருக்குன்னு அன்னிக்குச் சொன்னது பொய்.”

மைக்கில் ஒரு பேர் கூப்பிட்டார்கள். அவருடைய பேர் இல்லை. கால் விரல் இடுக்கில் சேறு காய்ந்து இழுத்தது. என்ன சொல்வார், அழுவாரா, வைத்துவிடுவாரா? பத்தொன்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. தலைக்குள் போர்வை உதறும் சத்தம் படார் படாரென்று கேட்டது.

“அது தெரியும் தாமரை” என்றார். “நான் அதக் கேக்கலையே. போகவா, வேண்டாமான்னுதான் கேட்டேன்.”

“வேண்டாம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சா போகச் சொல்லிருவேன். வேண்டாம். விருப்பம் இல்லன்னு சொல்லிட்டு வாங்க.”

“வந்தா?”

“வந்தா மருந்து நான் தடவுறேன்.” சொல்லும்போதே அந்த வாசனை தொண்டைக்கு வந்துவிட்டது. வராத மாதிரி நடிக்க எனக்குத் தெம்பில்லை. “கையுறை போட்டுக்கிட்டுத்தான் தடவுவேன். மூஞ்சியத் திருப்பிக்குவேன். எனக்கு இன்னும் முடியலங்க.”

மைக்கில் குணாளன் என்று கூப்பிட்டார்கள், எனக்கே கேட்டது. நாற்காலி நகர்கிற சத்தம். வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

“திருப்பிக்கோ” என்றார். “நானும் அந்தப் பக்கம்தான பாத்துக்கிட்டு இருப்பேன்.”